அங்கீகரிக்கப்பட்ட நிழல்

வசந்தம் வந்தால் மரம் துளிர்க்கும், பறவை கத்தும், நில அளவைத் துறை விளையாட்டு விழா நடத்தும். முதல் இரண்டையும் யாராலும் தடுக்க முடியாது. மூன்றாவதைத் தடுத்திருக்கலாம்தான், ஆனால் தடுக்கிற அதிகாரம் உள்ளவர் இயக்குநர் ஒருவரே, விழாத் தலைவரும் அவரே.

விழா ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஊருக்கு வெளியே விசாலமான புல்வெளி. அங்கே ஊழியர்களும் குடும்பத்தாரும் ஓடுவார்கள், குதிப்பார்கள், கயிறு இழுப்பார்கள். பிறகு புல்லின்மேல் ஒரு பெரிய விரிப்பைப் போட்டு, கூடையில் கொண்டுவந்ததைப் பரப்பி, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இதை நீங்களும் நானும் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் பேசி முடித்துவிடுவோம். துறையில் அதற்கு விரிப்புக் குழு என்று ஒன்று உண்டு. குளிர் விடுவதற்கு முன்பே அது கூடிக் கூடிப் பேச ஆரம்பித்துவிடும்.

இந்த வருடம் விரிப்புப் பொறுப்பு பென்சிலின் தலையில் விழுந்தது. வரைபடப் பிரிவில் கோடு போடுகிற ஒரு சாதுவான மனுஷனுக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. ஒல்லி உடம்பு, காதில் எந்நேரமும் ஒரு பென்சில். "யார் பொறுப்பு எடுத்துக்கறீங்க?" என்று இயக்குநர் கேட்ட நேரம் பார்த்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மற்றவர்கள் எல்லாரும் மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆர்வம்னா இப்படி முந்திக்கிட்டு வரணும்," என்றார் இயக்குநர்.

வீட்டில் சொன்னபோது மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வீட்டுல ஒரு போர்வையை நேரா மடிக்கத் தெரியாது. உங்களை நம்பியா ஒரு ஆபீஸே உக்காரப் போகுது?"

மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த விழாவில் உயிர்போகிற காரியம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண், ஓட்டக்காரி. ஆரம்பத்தில் கடைக்குச் சாமான் வாங்கப் போகிறவள் மாதிரிதான் ஓடுவாள். மற்ற பிள்ளைகள் பிய்த்துக்கொண்டு போய்விடும், பார்க்கிறவர்கள் 'ஐயோ பாவம்' என்று உச்சுக் கொட்டுவார்கள். கடைசி நேர்ப்பாதை வந்ததும் எங்கிருந்துதான் வருமோ அந்த வேகம், ஒவ்வொருத்தராகத் தாண்டிக்கொண்டு முதல் ஆளாய் வந்து நிற்பாள். விளையாட்டு விடுதியில் ஒரே ஒரு இடம் மிச்சம் இருந்தது. தங்க இடம், படிப்பு, பயிற்சி எல்லாம் அதில் அடக்கம். விடுதிப் பயிற்சியாளர் அம்மா விழாவுக்கு வந்து, பிள்ளைகள் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு முதலில் வருகிறவளைத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்லியிருந்தார். அடுத்த வருடம் மகளுக்கு வயது தாண்டிவிடும்.

"அந்தக் கடைசி நேர்ப்பாதை ஓட்டத்தைத்தான் பாக்கணும்னு சொன்னாங்கப்பா. முன்னாடி எப்படி ஓடினாலும் பரவாயில்லையாம்," என்றாள் மகள்.

"அப்புறம் என்ன, அள்ளிக்கிட்டு வந்துடு," என்றார் பென்சில். அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

குழுவின் முதல் கூட்டம் ரொட்டியைப் பற்றி. வெண்ணெய் தடவி, வெள்ளரிக்காய் வைத்த ரொட்டி என்று பென்சில் சொல்லி வாயை மூடுவதற்குள் துணை இயக்குநர் எழுந்துவிட்டார்.

"என்ன வடிவம்?"

"ரொட்டி வடிவம்தான் சார். சதுரம்."

"நம்ம துறையே முக்கோணத்து மேலதான் நிக்குது," என்றார் துணை இயக்குநர், தொண்டை தழுதழுக்க. "முக்கோணம் போட்டுப் போட்டுத்தான் இந்த நாட்டையே அளந்தோம். இன்னைக்கு நாம எல்லார் முன்னாடியும் சதுரத்தைக் கடிச்சா, நமக்கு முன்னாடி இருந்தவங்க ஆன்மா என்ன பாடுபடும்?"

குறுக்கே வெட்டினால் முக்கோணம் ஆகிவிடுமே என்றார் பென்சில். அதற்குத் துணை இயக்குநர் வருத்தத்தோடு சிரித்தார். குறுக்கே வெட்டினால் செங்கோண முக்கோணம். அது வீட்டில் சாதாரண ஜனங்கள் சாப்பிடுவது. துறைக்கு மூன்று பக்கமும் சமமாக வேண்டும். இப்படியாகச் சமபக்க முக்கோணம் ஒருமனதாக நிறைவேறியது. பென்சிலும் கை தூக்கினார், தூக்காமல் என்ன செய்வது.

சதுர ரொட்டியில் சமபக்க முக்கோணம் வெட்டினால் எவ்வளவு வீணாகும் என்பது கூட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பென்சிலின் மனைவிக்குத் தெரிந்தது. ஒத்திகைக்கு வெட்டிக் காட்டச் சொன்னார்கள் என்று அவள் சமையல் மேடையில் மகளுடைய பாகைமானியை வைத்து மாங்கு மாங்கென்று வெட்டினாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் காலைக்கும் ரொட்டி ஓரம், மாலைக்கும் ரொட்டி ஓரம்.

"இதைக் கண்டுபிடிச்ச மகராசனை ஒரே ஒரு தடவை என் முன்னாடி கொண்டுவந்து நிறுத்துங்க. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன், சும்மா பாக்கறேன்," என்றாள்.

அடுத்து முட்டை. வேகவைத்த முட்டை என்றதும் மேற்பார்வையாளர் முகம் மாறிற்று. இவர் எங்கே உட்கார்ந்தாலும், உட்காருவதற்கு முன் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து நாற்காலியில் வைத்து, அதற்குள் இருக்கிற குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். அதனால் அவர் பெயரே ரசமட்டம். பேருந்தில் ஏறினால் வழி முழுக்க நின்றுகொண்டேதான் வருவார்.

"முட்டை உருளும்," என்றார் ரசமட்டம். "ஒரு இடத்துல நிக்காததை நான் எப்படிங்க அனுமதிக்கறது? நாளைக்கு ஒருத்தர் முட்டை இன்னொருத்தர் எல்லைக்குள்ள போச்சுன்னா வழக்கு வரும்."

ஆகவே ஒவ்வொரு முட்டையின் அடியையும் தட்டையாகச் சீவிவிடுவது என்று முடிவாயிற்று. சீவினால் மஞ்சள் கரு தெரியும் என்றார் பென்சில். தெரியட்டும், நம்மிடம் ஒளிவுமறைவு கிடையாது என்றார் இயக்குநர். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நிழல் விவகாரம் ஆரம்பித்தபோதுதான் பென்சிலுக்குத் தூக்கம் போயிற்று.

இயக்குநர் வெயிலில் உட்கார மாட்டார். புல்வெளியில் இருந்ததோ ஒரே ஒரு பெரிய மரம். சரி, மரத்தடியில் விரித்துவிடலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நீங்கள் துறையில் வேலை செய்யவில்லை. மரத்தடி என்றால் எதுவரைக்கும் மரத்தடி? இயக்குநருக்கு அடர்ந்த நிழல் எங்கே, குமாஸ்தாக்களுக்கான புள்ளி நிழல் எங்கே? நிழலை முறையாக அளந்து எல்லைக் கல் நட உத்தரவாயிற்று. முக்காலி, சங்கிலி, கொடிக்கம்பு எல்லாவற்றோடும் ஒரு படையே கிளம்பியது. காலையிலேயே போனார்கள். மதியம் போனால் வெயிலாக இருக்குமாம்.

காலை வெயிலில் மரத்தின் நிழல் மேற்குப் பக்கம் நீளமாக விழுந்திருந்தது. அதைச் சுற்றி வரிசையாகக் கல் நட்டு வெள்ளை அடித்தார்கள். பென்சில் வரைபடத்தில் அதைச் சாம்பல் நிறத்தில் தீட்டினார், இயக்குநர் கையெழுத்துப் போட்டார், முத்திரை விழுந்தது. தீட்டி முடித்த பிறகுதான் பென்சிலுக்கு இரண்டு விஷயம் உறைத்தது. தலையைச் சொறிந்துகொண்டே இயக்குநர் அறைக்குப் போனார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். நாம சாப்பிடறது மதியத்துக்கு மேல. அப்ப நிழல் கிழக்கால போயிடுமே?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எது போயிடும்?"

"நிழல் சார். நகரும்ல."

"நாம அளந்தாச்சா?"

"அளந்தாச்சு சார்."

"அப்புறம் அது எப்படி நகரும்? நகர்ற எதையும் இந்தத் துறை இதுவரைக்கும் அளந்தது கிடையாது. நாம அளந்துட்டோம், அதனால அது நகராது. இவ்வளவு வருஷமா வேலை பாக்கறீங்க, இது கூடவா நான் சொல்லித் தரணும்?"

பென்சில் அங்கேயே நின்றார். "இன்னொண்ணு சார். அந்த இடம் பிள்ளைங்க ஓடற பாதையோட கடைசிப் பகுதி. முடிவுக் கம்பு அதுக்கு அந்தாண்ட இருக்கு."

"ஓட்டம் எப்போ?"

"காலையில சார்."

"சாப்பாடு?"

"மதியம்."

"ஓடி முடிச்ச பாதை வெறும் புல்லுய்யா. போய் வேலையைப் பாருங்க."

இதில் நியாயம் இருந்தது. இயக்குநர் சொன்னதில் நியாயம் இருந்ததே பென்சிலுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, ஆனாலும் நிம்மதியாக வெளியே வந்தார்.

விழா நாள் வந்தது. நல்ல வெயில், நல்ல காற்று, புல்லெல்லாம் பச்சைப் பசேல். பயிற்சியாளர் அம்மா கழுத்தில் விசிலோடு வந்து முடிவுக் கம்புக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மகள் காலை உதறிக்கொண்டு மேடைக்கருகே தொடக்கக் கோட்டில் நின்றாள். பாதை அங்கே தொடங்கி, புல்வெளியை முழுக்கச் சுற்றி, மரத்தின் மேற்குப் பக்கமாக நேராக வந்து முடியும். இயக்குநர் கொடி அசைக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன்னால் இரண்டே வார்த்தை பேசுவதாகச் சொல்லி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"எதுக்கும் ஒரு எல்லை வேணும்," என்று ஆரம்பித்தார்.

வீட்டுக்கு எல்லை, நாட்டுக்கு எல்லை, ஆசைக்கு எல்லை என்று போய்க்கொண்டே இருந்தார். காலைச் சூரியன் உச்சிக்கு வந்தது. உச்சிச் சூரியன் சாய ஆரம்பித்தது. பேச்சுக்கு மட்டும் எல்லை தென்படவில்லை. தொடக்கக் கோட்டில் நின்ற பிள்ளைகள் உட்கார்ந்தன, படுத்தன, ஒன்றிரண்டு அழுதன. கடைசியில் இயக்குநரே கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

பென்சில் திரும்பிப் பார்த்தபோது ரசமட்டம் கல்லுக்குள் விரிப்பைப் போட்டுக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுபாதையை அடைத்துக்கொண்டு, கரை தைத்த வெள்ளை விரிப்பு. பென்சில் விழுந்தடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினார்.

"சார், ஓட்டம் இன்னும் நடக்கலை சார். அது முடியற வரைக்கும் விரிப்பைக் கொஞ்சம் சுருட்டி வச்சுட்டா..."

"விரிப்பு நிழல்லதானே இருக்கு?"

பென்சில் பார்த்தார். நிழல் எப்போதோ மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. விரிப்பு பளபளவென்று வெயிலில் கிடந்தது. "கல்லுக்குள்ள இருக்கு சார்," என்றார்.

"அப்ப நிழல்லதான் இருக்கு. சுருட்ட வேண்டாம். ஓட்டத்தைக் கொஞ்சம் முன்னாடியே முடிச்சுக்குங்க. விரிப்புக்கு இந்தாண்ட ஒரு கயிறு கட்டச் சொல்லுங்க."

"தொடக்கக் கோட்டையாவது பின்னால தள்ளிக்கலாம் சார், தூரம் சரியாப் போயிடும்."

"தொடக்கத்துல கொடி நான் காட்டறேன். மேடை இங்க இருக்கு. அப்ப மேடையைத் தள்ளணும், என்னையும் சேர்த்துத் தள்ளணும். அதைத்தானே சொல்றீங்க?"

"ஐயோ, இல்ல சார்." பென்சில் கையைப் பிசைந்தார். "என் பொண்ணு ஓடறா சார். அவ கடைசியிலதான் பிடிப்பா. அந்த அம்மா அதைப் பாக்கத்தான் வந்திருக்காங்க. ஒரே ஒரு இடம்தான் இருக்கு சார்."

இயக்குநர் அவர் தோளில் கைபோட்டார். "இங்க பாருங்க. ஒரு ஓட்டத்துக்கு ஆரம்பம்தான் முக்கியம். ஆரம்பத்துல அதிகாரி இருக்காரு, கொடி இருக்கு, போட்டோ இருக்கு. முடிவுல என்னய்யா இருக்கு? மூச்சு வாங்கிட்டு நாலு பிள்ளைங்க. நல்லா ஓடறவ எங்க நிறுத்தினாலும் நல்லா ஓடுவா."

மகளிடமாவது சொல்லிவிட வேண்டும், முன்னாலேயே வேகம் எடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று பென்சில் தொடக்கக் கோட்டுப் பக்கம் திரும்பினார். இரண்டு எட்டு வைப்பதற்குள் ரசமட்டம் வந்து சட்டையைப் பிடித்துவிட்டார்.

"விரிப்பு பறக்குது! பொறுப்பாளர் நீங்க எங்க போறீங்க?"

"மூலைக்கு ஒரு கல்லைத் தூக்கி வைங்களேன்."

ரசமட்டம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "விளையாடறீங்களா? நம்ம ஆளுங்க கல்லை வச்சா அது எல்லைக் கல்லாயிடும். அப்புறம் அதை எடுக்க யார் உத்தரவு வாங்கறது? மூலைக்கு ஒரு ஆள்தான் உக்காரணும்."

மூன்று மூலையிலும் தாட்டியான ஆட்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். காற்றடிக்கிற மூலை காலியாக இருந்தது. அது ஓடுபாதையைப் பார்த்த மூலை. பென்சில் போய் அதன்மேல் உட்கார்ந்தார். காற்று அடிக்கும்போதெல்லாம் விரிப்பு அவரையும் சேர்த்துத் தூக்கிப் பார்த்தது. அவர் இரண்டு காலையும் நீட்டி, ஒரு கையால் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"யாரும் விரிப்புக்குள்ள வரக் கூடாது. உங்க மூலை உங்க பொறுப்பு," என்று சொல்லிவிட்டு ரசமட்டம் போனார்.

ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்லலாம் என்றால், அதைத் துணை இயக்குநர் பிடித்துக்கொண்டு முக்கோணத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி விரிப்பின் அந்தக் கோடியில் முட்டைகளை நிற்க வைத்துக்கொண்டிருந்தாள். "அடியே, பாப்பாகிட்ட போய்ச் சொல்லு! கயிறு கட்டிட்டாங்க!" என்று கத்தினார். காற்று அதை வேறு பக்கம் கொண்டு போயிற்று. அவள் நிமிர்ந்து பார்த்து, முட்டை போதும், நிறைய இருக்கிறது என்று கையாட்டினாள்.

இயக்குநர் கொடியை அசைத்துவிட்டு, புல்வெளியின் குறுக்கே நடந்து வந்து அடர்ந்த நிழலுக்கான இடத்தில் உட்கார்ந்தார். மற்றவர்கள் தத்தம் தகுதிக்கேற்ற வெயிலில் உட்கார்ந்தார்கள். வெண்ணெய் உருகி ஓடிற்று. இயக்குநரின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிற்று.

"ஆஹா, என்ன குளுமை," என்றார்.

"நம்ம அளவை அப்படி சார்," என்றார் துணை இயக்குநர், கைக்குட்டையைப் பிழிந்தபடி.

மரத்துக்குக் கிழக்கே கரும்பச்சையாக ஒரு நிழல், பாய் விரித்த மாதிரி, சும்மா கிடந்தது. ஒரு நாய் அதில் தூங்கிற்று. கைக்குழந்தையோடு வந்த ஒரு குமாஸ்தாவின் மனைவி பொறுக்க மாட்டாமல் எழுந்து அங்கே போய் உட்காரப் பார்த்தாள். துணை இயக்குநர் இங்கிருந்தே கை தட்டிக் கூப்பிட்டார். "அம்மா, அம்மா! அது நிழல் இல்லை! திரும்பி வந்துருங்க!" அவள் குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

பென்சில் இதையெல்லாம் பார்க்கவில்லை. அவர் கண் தூரத்தில் இருந்தது. பிள்ளைகள் புல்வெளியின் அந்தக் கோடியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். முதலில் ஒரு பெண், அதற்குப் பின்னால் ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்துக்கும் பின்னால் சாவகாசமாக அவர் மகள். அவள் முகம்கூடத் தெரிந்தது. பதற்றமே இல்லாத முகம்.

"ஓடு பாப்பா! இப்பவே ஓடு!" என்று அடித்தொண்டையில் கத்தினார். விரிப்பில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரசமட்டம் உதட்டில் விரலை வைத்து அதட்டினார்.

நேர்ப்பாதை வந்தது. மகள் வேகம் எடுத்தாள். ஐயா, அதை எழுத்தில் சொல்ல முடியாது. ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள், முன்னால் போனவளின் முதுகை எட்டப் போனாள். அதற்குள் கயிறு வந்துவிட்டது. முதலில் வந்த பெண் கயிற்றில் வயிறு முட்டி அப்படியே நின்றாள். பாவம், ஓட்டம் முடிந்துவிட்டது என்று அவளுக்கே தெரியவில்லை. யாரோ கைதட்டினார்கள். பின்னால் வந்த பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதி நின்றன.

மகள் நிற்கவில்லை. முடிவுக் கம்பு இன்னும் தூரத்தில் நட்டபடி இருக்க, அவள் எதற்கு நிற்பாள்? குனிந்து கயிற்றுக்கு அடியில் புகுந்து, நிமிர்ந்து, முன்னைவிட வேகமாக வந்தாள். எதிரே விரிப்பு, தட்டுகள், இயக்குநர். அந்த முட்டையையும் ரொட்டியையும் மிதித்துத் துவைத்துக்கொண்டு போனால் பத்து எட்டில் கம்பைத் தொட்டுவிடுவாள் என்று பென்சிலுக்குத் தெரிந்தது. போ, போ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"பொறுப்பாளர்!" என்று அலறினார் ரசமட்டம்.

பென்சிலின் கை உயர்ந்தது. உள்ளங்கையை விரித்து, நில் என்று காட்டியது.

மகள் விரிப்பின் ஓரத்தில் சறுக்கிக்கொண்டு வந்து நின்றாள். ஒரு புல் துண்டு பறந்து வந்து இயக்குநர் தட்டில் விழுந்தது. அவர் அதை எடுத்துப் போட்டார்.

"சபாஷ்," என்றார் இயக்குநர். "ஒரு பொறுப்பாளர்னா இப்படி இருக்கணும். சொந்தப் பொண்ணா இருந்தாலும் எல்லை எல்லைதான்."

பயிற்சியாளர் அம்மா மடக்கு நாற்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு, விரிப்பைச் சுற்றி வந்தார். மகளை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆசை இருந்தது, அதை யாரும் மறுக்க முடியாது.

"நீ ஓடறதைப் பாக்கத்தாம்மா வந்தேன்," என்றார். "என்ன பண்றது, கோட்டுல யார் முதல்ல வந்தாங்களோ அந்தப் பேரைத்தான் நான் மேலே சொல்ல முடியும். கோடு எங்க போடணும்னு நான் கேக்க முடியாது. அது உங்கப்பாவோட ஆபீஸ்." விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கயிற்றருகே இன்னும் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த பெண்ணை நோக்கி நடந்தார்.

விரிப்பில் சாப்பாடு நடந்தது. முக்கோணங்கள் நன்றாக இருப்பதாக எல்லாரும் சொன்னார்கள். மகள் இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டு, அப்பாவின் எதிரிலேயே நின்றாள். பென்சில் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எழுந்து வந்திருந்தால் விரிப்பு பறந்திருக்கும் என்று சொல்லலாம். உத்தரவு என்று சொல்லலாம். ஒரு கை இன்னும் விரிப்பின் ஓரத்தை விடாமல் பிடித்திருந்தது.

"கயித்தைப் பார்த்துட்டுத்தான்பா வந்தேன்," என்றாள் மகள். "அந்தக் கயித்துக்கெல்லாம் நான் நிக்கலை. அவர் கத்தினதுக்கும் நிக்கலை. நீ கையைத் தூக்கினே, நின்னுட்டேன்."

பிறகு அவளே அருகில் வந்து, தூக்கியபடியே இருந்த அவர் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.